ஷிப்டுக்குப் போகிறவனைக் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை பகலில் காட்பாடியில் ரயிலேறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, கிளை வண்டியில் பத்து மைல் போனால் கோலார் தங்க வயல். சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆகும் என்று ஒரு மூட்டை தகரத் தூக்குச் சட்டி விற்கக் கொண்டுபோனேன். ஜட்காவுக்கு ஒன்றரை அணா.

"இன்னா சாமி, தங்கம் வாங்க வந்தியா?" என்றான் வண்டிக்காரன்.

"தகரம் விற்க வந்தேன்."

"கெட்டிக்காரன்தான். தங்கத்தத் தோண்டறவன் வூட்ல தகரம்தான் கீது."

எங்கள் ஊர்க்காரன் கன்னியப்பன் வீட்டில் தங்கினேன். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த ஒரே மாதிரி வீடுகளின் வரிசை, 'லைன்' என்கிறார்கள். பூமிக்குள் வெடி வெடித்தால் அடுப்பில் சட்டி ஆடுகிறது. நான்தான் எழுந்து நின்றேன். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாடு, பக்கத்து ஊரான பூதிகோட்டைக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். நம் ஊர்க் களியைவிடக் கெட்டி.

"கல்லாட்டம் நிக்கணும் மாமா. லேசா இருந்தா, கீழ எறங்கறதுக்குள்ள பசிச்சிடும்" என்றாள் கன்னியப்பன் மனைவி முனியம்மா.

புதன் காலை, சுரங்கத்துச் சங்கு ஊதியது. கன்னியப்பன் முண்டாசு கட்டி, தூக்குச் சட்டியோடு வாசலைத் தாண்டினான். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் பாசமாகக் கேட்டேன்: "இன்னா தம்பி, எங்கே கிளம்பிட்டே?"

லைனே என்னைத் திரும்பிப் பார்த்தது. கிளம்புகிறவனை அப்படிக் கேட்கலாகாது என்பது எனக்கும் தெரியும். நம் ஊரில் திரும்பி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தீர்ந்தது. இங்கே குழிக்குள் இறங்குகிறவன் அன்றைக்கு இறங்கவே மாட்டான்.

"போன ஆடியில எங்கூட்டுக்காரரையும் ஒருத்தி கேட்டா. கேட்டா கேட்டுக்கினு போறான்னு போனாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் நெற்றியில் பொட்டில்லை.

கன்னியப்பன் முண்டாசை அவிழ்த்தான்.

"இன்னிக்குத்தான மேஸ்திரி துளை போடற பெரிய வேலைக்கு ஏத்தறேன்னாரு!" என்றாள் முனியம்மா.

"வுடு. அண்ணன் வேணும்னா கேட்டாரு?"

முனியம்மா அவன் தூக்குச் சட்டியைத் திறந்து, அந்தக் களியை எனக்கே வைத்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் இன்னொருவன் பிழைப்பு போனதைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

மூட்டையோடு லைனில் நுழைந்தால் பெண்கள் விட்டார்களா? "ஷிப்டு போறவன வூட்ல குந்தவெச்சிட்டு, தூக்குச் சட்டி விக்கறாரு பாரு வியாபாரி!" இரண்டு சட்டிதான் விற்றது. அதுவும் இரக்கப்பட்டு வாங்கியது.

வியாழன் மாலை கன்னியப்பன் உடம்பெல்லாம் புழுதியோடு திரும்பினான். துளை போடும் வேலைக்கு வேறு ஆள் போட்டாயிற்று. "அள்ளற வேலைதான் அண்ணே. கை கால் கீதே, போதும்."

வெள்ளிக்கிழமை அவன் கிளம்பும்போது மேல்துண்டை வாயில் கவ்விக்கொண்டு மூலையில் நின்றேன். சிரித்துக்கொண்டே போனான். பிறகு நானும் ஊர் திரும்ப மூட்டையைத் தூக்கி வாசல் தாண்டினேன்.

"மாமா, எங்கே கிளம்பிட்டீங்க?"

முனியம்மாதான். பழி தீர்க்கிறாளோ என்று திரும்பினேன். உள்ளே பலகை போட்டிருந்தது. களியில் ஆவி பறந்தது.

"கேட்டாச்சு, போவக்கூடாது. வெறும் வயித்தோட எப்படி அனுப்புவேன்? குந்துங்க."

"வண்டி போய்விடுமே அம்மா."

"அவரு ஷிப்டே போச்சு. உங்க வண்டி போனா இன்னா?"

எதிர்வீட்டுக்காரியும் சிரித்துவிட்டாள். உட்கார்ந்தேன். தூரத்தில் ரயில் கூவியது. தலை நிமிராமல் தின்றேன். இரண்டாவது உருண்டையும் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.