கஸ்பாரின் போனில் பேசியது யார்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஒன்பது வருடமாக ஆம்புலன்ஸில் டெக்னீஷியன் வேலை, எத்தனையோ உயிர் என் கையிலேயே போயிருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. நான் சந்தேகப்படுவதெல்லாம் உயிரோடு இருப்பவர்களைத்தான். அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்கள் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும், அதை நம்பி முதலுதவி செய்தால் ஆள் காலி. நீங்கள் இப்போது சிரிக்கிற மாதிரி நானும் சிரித்திருப்பேன், பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நல்ல பட்டப்பகல். முத்தையாபுரத்தில் வண்டியோடு நின்றிருந்தோம், புன்னைக்காயல் பக்கம் கடற்கரையில் ஒருவருக்கு இரண்டு காலும் விளங்கவில்லை என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து கேஸ் வந்தது. அழைப்பு வந்த நேரம் பதினொன்று பத்து, எங்கள் படிவத்தில் முதலில் எழுதுவதே அதுதான். வண்டி கிளம்பியதும் தகவல் சொன்னவரின் நம்பருக்கு நாங்களும் ஒருமுறை பேச வேண்டும். பேசினேன். ஆண் குரல், பதற்றமே இல்லை.

"அவன் பேரு கஸ்பார், சிஸ்டர். சங்கு எடுக்க எட்டு பாகம் முங்கினான், கம்ப்ரஸர் காத்துல. சடார்னு மேல வந்துட்டான். படகுல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுவாவ, நம்பாதிய. திரும்பத் தண்ணிக்குள்ள இறக்கப் பாப்பாவ, விட்றாதிய."

எட்டு பாகம் என்றால் கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழம், எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்ரஸரில் குழாய் மாட்டி முங்குவது அதிகாரிகளுக்குத் தெரிந்தால் வம்பு, அதனால் பொய் சொல்வார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டிக்கொள்ளும், உடம்பு முறுக்கும், கால் போகும். திரும்ப அதே ஆழத்துக்கு இறக்கினால் சரியாகிவிடும் என்று அங்கே ஒரு கைவைத்தியம் உண்டு. வலி குறைகிற மாதிரி இருக்கும், ஆள் போய்விடுவார்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். படகு அப்போதுதான் கரை ஏறியிருந்தது. நான்கு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், அவர் வாயில் காற்றுக்குழாய். அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"எங்க கொண்டு போறிய? கரைக்குக் கொண்டாங்க."

"படகுல வழுக்கி விழுந்துட்டாரு சிஸ்டர். சும்மா உப்புத்தண்ணி பட்டா நல்லதுன்னுதான்" என்றான் மிக்கேல். கஸ்பாரின் மச்சினன் அவன், கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்கிறவன்.

முதுகைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. தொடையில் ஊசியால் குத்தினேன், உணர்வு இல்லை. விழுந்தவர் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி போதும். முங்கியவர் என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்து, அந்தக் குமிழைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், தூரம் அதிகம். தப்பாக முடிவெடுத்தால் அவர் ஆயுசுக்கும் நடக்க முடியாது. நான் போனில் வந்த குரலை நம்பினேன்.

"எங்கிட்ட பொய் சொல்லாதிய. ஒருத்தர் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நாங்க யாரும் பண்ணலியே" என்றான் மிக்கேல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே அந்த நம்பரைப் போட்டேன். காலியாகக் கிடந்த படகுக்குள் மணி அடித்தது. பேச்சிமுத்து, எங்கள் டிரைவர், ஏறிப் பார்த்தான். ஆணியில் தொங்கிய கஸ்பாரின் சட்டைப் பையில், பாலித்தீன் உறையில் முடிச்சுப் போட்டபடி அவருடைய போன் இருந்தது.

"யக்கா, இவரு எப்ப மேல வந்தாருன்னு கேளுங்க" என்றான் பேச்சிமுத்து.

"பதினொன்னரைக்கு" என்றான் மிக்கேல். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

கணக்குப் பாருங்கள். அவர் மேலே வருவதற்கு இருபது நிமிடம் முன்பே அவர் கால் போன சேதி கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிட்டது. எனக்கு மிக்கேல் மேல்தான் சந்தேகம், காற்றை அவனே அடைத்துவிட்டு, பிறகு பயந்துபோய்க் குரலை மாற்றிப் பேசி, மேலே வந்த நேரத்தையும் மாற்றிச் சொல்கிறானோ என்று. போலீஸிலும் சொன்னேன். விசாரித்தார்கள், குழாயும் மிஷினும் சரியாகவே இருந்தனவாம். இன்றைக்கும் அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

இரண்டு மாதம் கழித்து கஸ்பார் கம்பு ஊன்றி நடந்தே எங்களைப் பார்க்க வந்தார். "நல்லாருக்கியளா சிஸ்டர்" என்று வாயைத் திறந்தார். போனில் கேட்ட அதே குரல். அன்றைக்கு வண்டியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் அதுவரை எனக்குத் தெரியாது.

"நீங்கதான அன்னிக்கு போன்ல பேசுனிய?"

"நான் அந்நேரம் கீழல்லா இருந்தேன்."

"ஏன் அவ்வளவு வேகமா மேல வந்திய?"

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார். "கீழ, எனக்கு எதுக்கால ஒருத்தன் சங்கு பொறுக்கிட்டிருந்தான் சிஸ்டர். வாயில குழாய் இல்ல. ஏறிட்டுப் பாத்தான்."

யார் என்று கேட்டேன். அதற்கு அவர், கால் சரியானதும் மறுபடி முங்கலாமா என்று என்னைக் கேட்டார். கூடவே கூடாது என்றேன். ஏன் என்றார், டாக்டர் சொல்வார் என்று சமாளித்து அனுப்பிவிட்டேன்.

முங்கக் கூடாது என்றதற்கு உண்மையான காரணம், நான் போலீஸிடமும் சொல்லாத ஒன்று, உங்களிடம்தான் சொல்கிறேன். எங்கள் படிவத்தில், தகவல் சொன்னவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைக்கு அதையும் போனில் கேட்டேன், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று.

"அவன் மேல போயிட்டான், சிஸ்டர். நான் இங்கனதான் கெடக்கேன்" என்றது குரல்.

மேல என்றால் கரை, இங்கன என்றால் படகு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.