காதர் பாய் டிரைலர், நான் கேட்டு

விம்கோ நகரில் ஓர் அடுக்குமாடி வாசலில் குந்தி, கேட்டு மோட்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் வந்தது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். மணலியில் லாரி யார்டு வைத்திருக்கிறார். "இன்னா மணி, சேதி தெரியுமா? காதர் பாய் பூட்டாரு. காலைல நெஞ்ச புடிச்சுக்கினு உக்காந்தவருதானாம்" என்றார். துக்கம் அப்புறம்தான் வந்தது. ஒரே தொழிலில் இருக்கும் எனக்குச் சொல்லாமல் மாமாவுக்கு முதலில் சொல்லியிருக்கிறார்களே என்ற எரிச்சல் முந்திக்கொண்டது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை தானியங்கி கேட்டு போடுகிற நமக்கெல்லாம் காதர் பாயைத் தெரியும். அவரைப் புகழ நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன். என் அளவுக்கு அவரைக் கவனித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. பள்ளம் தோண்டுகிற இடத்துக்கு வெள்ளைச் சட்டையில் வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு போவார். எனக்குப் பெட்டியைத் திறந்தாலே காலரில் கிரீஸ் ஏறிவிடும்.

மாமா தன் யார்டுக்குத் தானியங்கி கேட்டு போடப்போவதாகச் சொன்னதும், சொந்த மைத்துனன் நான் இருக்க வேலை வேறெங்கே போகும் என்றிருந்தேன். கரண்டு ஒயருக்கு ஒரு குழாய், சென்சார் ஒயருக்குத் தனிக் குழாய், குறுக்கே வண்டி நின்றால் கேட்டை மூடவிடாமல் தடுக்க கார் பம்பர் உயரத்தில் ஒரு சென்சார் என்று அழகாகப் படம் போட்டுக் கொடுத்தேன். மாமா அதைக் காதர் பாயிடம் காட்டி, வேலையையும் அவருக்கே கொடுத்துவிட்டார். குறை கண்டுபிடிப்பதற்காகவே நான் யார்டுக்குப் போனேன்.

ஒயர் ஓடும் வழியைத் தீர்மானிக்கும் முன் வாசலில் வண்டி வருவதை நடித்துப் பார்ப்பது பாயின் வழக்கம். உங்களில் பலர் அதில் நடித்திருப்பீர்கள். என்னைப் பார்த்ததும், "வா தோஸ்து, நீ கேட்டு. நான் டிரைலரு" என்றார். நீளப் பலகை ஒன்றின் முன்முனையைத் தன் தோளிலும் பின்முனையை ஒரு லோடுமேன் தோளிலும் வைத்தார். வாட்ச்மேனை முழங்கால் உயரத்தில் கையை நீட்டச் சொன்னார். அதுதான் என் படத்திலிருந்த சென்சார். பலகையோடு நடந்துவந்து வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றார். அந்த யார்டில் டிரைவர்கள் அப்படி நின்றுதான் சீட்டு கொடுப்பார்கள்.

"கையில இன்னா படுது?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"ஒண்ணும் படல பாய். காலியா கீது."

"அப்ப மூடு நைனா" என்றார் என்னிடம். நடந்தேன். பலகை என் நெஞ்சில் இடித்தது. யார்டே சிரித்தது.

"கேட்ட மூடறது பெரிய வேல இல்ல. எப்ப மூடக்கூடாதுன்னு அதுக்குத் தெரியணும்" என்றார். டிரைலரின் அடிச்சட்ட உயரத்தில் இன்னொரு சென்சார், மேலே நிற்கும் வண்டியின் இரும்பை உணரத் தரைக்கடியில் ஒரு ஒயர் வளையம் என்று அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டார். பழைய படம் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நானும் எண்ணூரில் ஒரு வேலைக்குப் போனபோது அதே மாதிரி செய்து பார்த்தேன். "நீங்க கேட்டு, நான் வண்டி" என்றதும் அங்கிருந்த வாட்ச்மேன், "இன்னா சார், வெயில் ஒத்துக்கலையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அடக்கத்தன்று பாயின் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. நான் செத்தால் இதில் பாதிக் கூட்டம் வருமா என்று நினைத்தேன். சாவு வீட்டிலுமா என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கேயும்தான். தூக்கிப் போகும்போது ஆளுக்கு ஆள் தோள் மாற்றினார்கள். என் தோளுக்கு வந்து நாலு அடிகூட நடக்கவில்லை, பின்னாலிருந்தவர் வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

போன வாரம் மாமா கூப்பிட்டார். "கேட்டு பாதில நிக்குது மணி. பாய்தான் இல்லையே, இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றார். இந்த 'நீதான்' என்ற சொல்லுக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சென்சாரில் மணலித் தூசி அப்பியிருந்தது. துடைத்ததும் கேட்டு ஓடியது.

பார்த்துக்கொண்டிருந்த மாமா, "பாய் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா. இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறெரிந்தது. காதர் பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.