‘மூச்சு இருக்கு’ என்று சொன்னோம்

தலைவரே, அந்தத் தொலைபேசி அழைப்பை வெட்டினது நீங்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் லொறி ஓட்டுகிறவன். நீங்கள் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஆறு வருடமாகத் தலைவர், மேடை உங்களுக்குப் பழக்கம். என் சிநேகிதனின் நினைவுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “எங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தோம், விதி விடவில்லை” என்றீர்கள். சனம் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்த நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. நாங்கள் எல்லாவற்றையும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத்தான் செய்யவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

அவனும் நானும் சிட்னிக்கு வந்த காலத்தில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரு மெத்தை, இரண்டு போர்வை. பிறகு அவன் கிரவீனில் வீடு வாங்கினான், நான் இரண்டு தெரு தள்ளி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்மின்டன். சங்கத்தின் வருடாந்தப் போட்டியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் இரட்டையரில் நாங்கள் சோடி. ஒரு வருடமும் வென்றது கிடையாது. அவன் கோட்டுக்கு வெளியே விழுந்த ஷட்டிலை உள்ளே என்று சத்தியம் பண்ணுவான். மூச்சு வாங்கினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தது போல நடிப்பான். எதிராளி வந்து குனிந்து பார்த்ததும் எழும்பிச் சிரிப்பான்.

போட்டி நாள் காலை, வாடகைக்கு எடுத்த உள்ளரங்கில் நான்தான் பேனர் கட்டினேன். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் பச்சை நிறத்தில் ஒரு இதயப் படம்.

“தலைவர், இதில கட்டினா அந்தப் பெட்டி மறையுது.”

“மறைஞ்சா மறையட்டும். ஆர் பாக்கப் போகினம்? போட்டோவில பேனர் வடிவா விழ வேணும்.”

நான் ஏணியில் ஏறி நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டினேன். அது என்ன பெட்டி என்று எனக்குத் தெரியாது. நெருப்பு அணைக்கிற சாமான் ஏதாவது என்று நினைத்தேன். உங்களுக்கும் தெரியாது என்றுதான் நம்புகிறேன். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கட்டின கை என்னுடையது.

எங்கள் ஆட்டத்துக்கு முன்பு அவன் இரண்டாவது மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“டேய், அதை வைச்சிட்டு வா. வயிறு குலுங்கப் போகுது.”

“உன்னோட விளையாட வயிறு நிரம்பத்தான் மச்சான் வேணும். நீ லொறியை பார்க் பண்ணின மாதிரி ஒரு இடத்தில நிப்பாய். ஓடி எடுக்கிறது ஆர்? நான்தானே.”

அவன் எனக்குச் சொன்ன கடைசிப் பகிடி அது.

மூன்றாவது செட்டில் சேர்வ் போடப் போனவன் முழங்காலைப் பிடித்தான். பிறகு நிலத்தில் இருந்தான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். அரங்கில் பாதிப்பேர் சிரித்தார்கள். “அங்கிள் தொடங்கிட்டார்!” என்று ஒரு பிள்ளை கத்தியது. நானும் சிரித்தேன். “எழும்படா, புள்ளி போகுது” என்று ராக்கெட்டால் அவன் காலைத் தட்டினேன். அவன் எழும்பவில்லை. அவன் முகத்தின் நிறம் மாறியிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை எழுதுகிறேன். உங்கள் பேச்சில் ‘எல்லாவற்றையும்’ என்று சொன்னீர்களே, அது இதுதான்.

“மயக்கம், மயக்கம், காத்து வர விடுங்கோ!” என்றார் ஒருவர். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் வாயில் சோடாவை ஊற்றப் பார்த்தார், அது கன்னத்தால் வழிந்தது. இரண்டு பேர் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். “வலிப்புப் போல கிடக்கு, கையில இரும்பு குடுங்கோ” என்று ஒரு குரல் வந்தது. யாரோ கார்ச் சாவியை அவன் கைக்குள் வைத்து விரல்களை மூடிப் பிடித்தார்கள். இந்தக் காலத்துக் கார்ச் சாவியில் இரும்பும் இல்லை, முழுக்க பிளாஸ்டிக். அங்கே நின்றவர்களில் எஞ்சினியர் எத்தனை பேர், கணக்காளர் எத்தனை பேர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் எத்தனை பேர். ஒருவருக்கும் அவன் நெஞ்சில் கை வைக்கத் தோன்றவில்லை.

நான் அம்புலன்சுக்கு மூன்று சைபரை அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். விலாசம் சொன்னேன். அவன் முழித்திருக்கிறானா என்று கேட்டாள், இல்லை என்றேன். மூச்சு விடுகிறானா என்று கேட்டாள். அவனைப் பார்த்தேன். வாய் திறந்து, நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை, கொக்கி போட்டு இழுப்பது போல ஒரு மூச்சு வந்தது. “யெஸ், பிறீதிங்” என்றேன். அவள் திரும்ப ஏதோ கேட்டாள். ‘நோர்மல்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இங்கிலீஷில்தான் வேலை செய்கிறேன். டிப்போவில் எவனோடும் சண்டை பிடிப்பேன். ஆனால் அந்த நேரத்தில் பிழையாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோனேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வங்கியோ, பள்ளிக்கூடமோ, கவுன்சிலோ, முக்கியமான கதை என்றால் இங்கிலீஷ் நல்லாக வருகிறவரிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

“தலைவர், நீங்கள் கதையுங்கோ. உங்கட இங்கிலீஷ் திறம்.”

நீங்கள் வாங்கினீர்கள். உள்ளே சத்தம் என்று வெளியே போனீர்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கார்கள் நிற்கிற இடத்தில், ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டு நடந்தீர்கள். அவன் இங்கே கிடக்கிறான். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற குரல் அங்கே, அவனிடமிருந்து முப்பது அடி தள்ளிப் போய்விட்டது. பிறகு அழைப்பை வெட்டி என் போனை உங்கள் பொக்கெற்றில் போட்டீர்கள். உங்கள் போனை எடுத்து வேறு யாருக்கோ அடித்தீர்கள். உள்ளே வந்து, “தெரிஞ்ச டொக்டரோட கதைச்சிட்டன், அஞ்சு நிமிசத்தில வாறார். அம்புலன்சும் வருது. ஒருத்தரும் அவரைத் தொடாதேங்கோ, பிறகு ஏதும் நடந்தா எங்கள்ளதான் கேஸ் விழும்” என்றீர்கள்.

சமையல் பக்கம் நின்ற ஒரு அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவனுடைய மூச்சை உற்றுக் கேட்டார். ஊரில் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர். மெல்லச் சொன்னார்:

“பிள்ளையள், இது சேடம் இழுக்குது.”

அதோடு எல்லாரும் அடங்கிப்போனார்கள். சேடம் இழுக்குது என்றால் எங்களில் எல்லாருக்கும் தெரியும், ஆள் போகப் போகிறார். அன்ரி அவன் தலைமாட்டில் இருந்து தேவாரம் தொடங்கினார். இரண்டு மூன்று பேர் கூடப் பாடினார்கள். அவனுடைய மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றேன். அவனுக்கு ஐம்பத்தாறு வயது. முக்கால் மணித்தியாலத்துக்கு முன் என்னை லொறி என்று பகிடி பண்ணியவன். அவனுக்கு நான் கை கட்டி நின்றேன்.

அரங்கைத் துப்புரவாக்குகிற பெண் பின்பக்கம் குப்பை போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். எந்த நாட்டுக்காரரோ, கேட்கவும் இல்லை. ஒரு பார்வை பார்த்தார், வாளியைக் கீழே போட்டார். ஓடிப்போய் பேனரைப் பிய்த்து இழுத்தார். நான் இறுக்கிக் கட்டியிருந்ததால் இரண்டு தரம் இழுக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து, இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கிற மெஷினை எடுத்து வந்து, அன்ரியை விலக்கிவிட்டு முழங்காலில் இருந்தார். “டோன்ட் டச் ஹிம், டொக்டர் இஸ் கமிங்” என்றீர்கள் நீங்கள். அவர் உங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேர்ட்டைக் கிழித்தார், ஒட்ட வேண்டியதை ஒட்டினார். மெஷின் பேசியது, விலகச் சொன்னது, ஒருமுறை அடித்தது. உடனே அவர் இரண்டு கையாலும் நெஞ்சின் நடுவில் அமத்தத் தொடங்கினார். அம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை, உங்கள் டொக்டர் அதற்கு முன் வந்து சேரவும் இல்லை. அவரோடு மாறி மாறி அமத்த அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். பிறகு போய்விட்டான்.

அங்கே காத்திருந்தபோதுதான் நீங்கள் திருப்பித் தந்த என் போனைப் பார்த்தேன். மூன்று சைபரோடு பேசியது ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. அதற்குக் கீழே, இலக்கம் காட்டாத அழைப்பு, எடுக்கப்படாதது, இரண்டு. அந்த நேரத்தில் எனக்கு வேறு யார் அடிப்பார்கள்? அவள்தான் திரும்ப அடித்திருக்கிறாள், தலைவரே. நாங்கள் தேவாரம் பாடிக்கொண்டு நின்றபோது அது உங்கள் பொக்கெற்றுக்குள் அதிர்ந்திருக்கும்.

செத்த வீட்டில் அவனுடைய மனைவி என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அண்ணை, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?”

“ஓம்” என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முதலுதவி வகுப்புக்குப் போனேன். முன்பு ஒருமுறை டிப்போவில் என் முதலாளி கேட்டவர், சம்பளத்தோடு ஒரு நாள், போய்ப் படித்துக்கொண்டு வா என்று. “வேற ஆரையும் அனுப்புங்கோ” என்று சொல்லிவிட்டு அவனோடு விளையாடப் போனவன் நான். அதையும் இதில் எழுதத்தான் வேண்டும்.

வகுப்பில் படிப்பித்த பெண் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினார். வாய் திறந்து, நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை இழுக்கிற மூச்சு. “இதைக் கேட்டு, மூச்சு இருக்கிறது என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். இது மூச்சே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே அமத்தத் தொடங்குங்கள்” என்றார். என் வாயிலிருந்து “சேடம்” என்று வந்துவிட்டது. என்ன என்று கேட்டார். எங்கள் பாஷையில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்றேன். “அப்படியா? அப்படியென்றால் உங்கள் ஆட்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்களே” என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழும்பி வெளியே போனேன்.

அவர் சொன்னது சரி. அந்த அரங்கில் எங்கள் ஆட்களில் அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அந்த அன்ரி ஒருவர்தான். என்னை விட, உங்களை விட, அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் கையைக் கட்டிக்கொள்ளத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். கட்டிலில் தொண்ணூறு வயதில் வருகிற சேடத்துக்கு அது சரி. பட்மின்டன் கோட்டில் வருகிற சேடத்துக்கு இரண்டு கை வேண்டும்.

படிக்க ஒரு நாள் போதும். நெஞ்சின் நடு, கையை மடக்காமல், பலமாக, வேகமாக, நிறுத்தாமல். பிழையாகிப் போகும் என்று பயப்பட ஒன்றும் இல்லை, அமத்தாமல் விடுவதுதான் பெரிய பிழை. போனை ஸ்பீக்கரில் போட்டு ஆளுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைக்க வேண்டும். இங்கிலீஷ் அரைகுறையாக இருந்தாலும் அவர்கள் எண்ணி எண்ணிச் சொல்லித் தருவார்கள், தமிழில் மொழிபெயர்க்க ஆளும் கேட்கலாம். கேஸ் என்று பயம் காட்டினீர்களே, நல்லெண்ணத்தோடு உதவப் போனவனை இந்த மாநிலத்துச் சட்டம் காப்பாற்றும். அதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

முதல் நிமிடத்திலேயே அமத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? தெரியாது. வகுப்பில் கேட்டேன், அவருக்கும் சொல்ல முடியவில்லை. அந்தத் தெரியாமையோடுதான் நான் ஒவ்வொரு நாளும் லொறியில் ஏறுகிறேன்.

இப்போது அவன் பெயரில் கிண்ணம் கொடுக்கப் போவதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. கிண்ணம் வேண்டாம், போட்டிக்கு முன் எல்லாருக்கும் ஒரு நாள் வகுப்பு வையுங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். “அதைப் பிறகு பாப்பம் தம்பி. பழசைக் கிளறாதேங்கோ, குடும்பத்துக்கும் கவலை” என்று எனக்கு மட்டும் பதில் அனுப்பினீர்கள். அந்தக் குடும்பம் என்னிடம் கேட்ட கேள்வியை மேலே எழுதியிருக்கிறேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. நான் முதலில் மைக்குக்கு வருவேன். பேனரைக் கட்டினது நான், ‘மூச்சு இருக்கு’ என்று சொன்னது நான், போனை உங்கள் கையில் தந்தது நான் என்று அவனுடைய மனைவிக்கு முன்னால் சொல்வேன். பிறகு மைக்கை உங்களிடம் தருவேன். விதியைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்கு மட்டும் தனியாகவும் எழுத வேண்டாம். அந்த ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடியில், நீங்கள் வெட்டுவதற்கு முன், அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்யச் சொன்னாள்? எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.