ஹூக் மட்டும்தான் பாக்கி

பாண்டி பஜாரில் நான் செல்போன் இணைப்பு விற்ற நாட்களில், தனக்கு என்ன வேண்டுமென்று தெளிவாகத் தெரிந்து வந்தவர் ஒரு டெய்லர் மட்டும்தான். கழுத்தில் தொங்கிய அளவுநாடாவின் நுனியைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார். அவருடைய போன் அடித்தது.

"ஹூக் மட்டும்தான் பாக்கிம்மா," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அப்போதெல்லாம் வரும் அழைப்புக்கும் காசு. எங்கள் கம்பெனியில் அது குறைவு என்று விளக்கிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஆனா கம்பெனி மாறினா நம்பரும் மாறிடும். கஸ்டமருங்க உங்களைப் புடிக்க முடியாதே?"

"அதுக்குத்தான் நைனா வந்துகீறேன். பொங்கல் முடியட்டும், நானே எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்."

மாலை வீடு திரும்பியபோது மனைவி தொலைபேசியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"டெய்லர் லைனே கிடைக்க மாட்டேங்குது. பரவாயில்ல, மத்தியானமே பேசிட்டேன். என் ரவிக்கையில ஹூக் மட்டும்தான் பாக்கியாம்."