நிதானம் அண்ணன் பார்த்து வைத்த வளைவு

எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தவன் நான்தான். மற்ற டிரைவர்கள் சைரனைப் போட்டதும் தலைகால் தெரியாமல் பறப்பார்கள். இவர் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வார், இருக்கையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், "நிதானமாப் போவோம் தம்பி, நாமளே இன்னொரு கேஸ் ஆயிடக் கூடாது" என்பார். பின்னால் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதினொரு வருடத்தில் இவர் தாமதத்தால் ஒரு உயிர்கூடக் கைவிட்டுப் போனதில்லை. அதை நான் அவர் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, விழுந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டுவார். இறங்கி, குனிந்து, சாலையைக் கையால் தடவிப் பார்ப்பார். சரளை சிதறியிருக்கிறதா, ஒட்டுப்போட்ட தார் மேடாக நிற்கிறதா, மரநிழலில் ஈரம் காயாமல் கிடக்கிறதா என்று பார்ப்பார். "பாவம், நிழல்ல இருந்த ஈரம் அவன் கண்ணுக்குத் தெரியல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறுவார். எனக்குப் பசி காதை அடைக்கும். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கதைகளை எல்லாம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரே மகளிடம் ஒன்றுவிடாமல் சொல்வார். சின்னப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுகிற மாதிரிதான். மகள் இரண்டு சக்கர வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. "சாப்பிடற நேரத்துல பொணக் கதை வேணாம்" என்று அண்ணி சத்தம் போடுவார். மகள் மட்டும் கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாளாம். பயந்துவிட்டாள் என்று அவர் நம்பினார்.

மகள் பதினெட்டில் கூரியர் வேலைக்குச் சேர்ந்தாள், பழைய பைக் ஒன்றை வாங்கினாள். பத்தொன்பதில் பந்தயக் கிளப்பில் சேர்ந்து, சுற்றிலும் மணல் கொட்டிய பயிற்சித் தடத்தில் ஓட்டினாள். இருபதில் ஒரு கோப்பையோடு வந்து நின்றாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகும் பேசியிருக்க மாட்டார், அவள் அடுத்த குண்டைத் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால்.

அவளுக்குத் தடம் போதவில்லை. சாலைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமாம். அதாவது ஜனங்கள் நடமாடும் சாதாரணச் சாலையை ஒருநாள் மூடிவிட்டு, வீட்டுச் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே பைக்கை விடுவது. அங்கே விழுந்தால் மணலில் உருண்டு எழ முடியாது, சுவர்தான். இருபத்தொன்று முடியாதவர்களுக்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்றது கிளப். வீடு இரண்டு பட்டது.

கடைசியில் அண்ணன் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். "நீ வீடியோல பாக்கறது வேற. நேர்ல ஒரு தடவை பாரு. நானே கூட்டிட்டுப் போறேன். பார்த்த பிறகும் வேணும்னு சொன்னா, நான் வாயத் தொறக்காம கையெழுத்துப் போடறேன்." மகள் உடனே சரி என்றாள். அண்ணி மட்டும், "எரியற அடுப்புல எண்ணெய ஊத்தப் போறீங்க" என்றார். யார் கேட்டது? வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, கடல் தாண்டி ஒரு தீவுக்கு அப்பனும் மகளும் விமானம் ஏறினார்கள். இந்த மனிதர் ஊர் எல்லையைத் தாண்டியதே ஆம்புலன்ஸில்தான்.

அங்கே நடந்ததை அவர் பாதி சொன்னார், மகள் பாதி சொன்னாள். இரண்டையும் நான் ஒட்டவைத்துச் சொல்கிறேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் அண்ணன் காலையிலேயே மகளோடு நடக்கக் கிளம்பிவிட்டார். சாலை திறந்திருந்தது. தபால் நிலையம், பள்ளிக்கூடம், பெட்ரோல் நிலையம், வரிசையாக வீடுகள். கம்பங்களுக்கெல்லாம் வைக்கோல் கட்டுகளைக் கட்டியிருந்தார்கள். "கம்பத்துக்குத் தலகாணி கட்டி வெச்சிருக்காங்க" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாராம். நடந்து நடந்து ஓர் இறக்கத்துக்கு வந்தார். இறக்கம் முடியும் இடத்தில் இடப்பக்கம் வளைவு. வளைவுக்குள் ஒரு பெரிய மரத்தின் நிழல், நிழலுக்குள் புதிதாக ஒட்டுப்போட்ட தார். குனிந்து தடவினார். பதினொரு மணி ஆகியும் ஈரம் காயவில்லை.

இங்கேதான் விழுவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எதிரே ஒரு வீட்டுத் தோட்டத்து மதில், நெஞ்சு உயரத்துக்கு. வீட்டுக்காரரிடம் சைகையால் அனுமதி கேட்டார், அவரும் தலையாட்டினார். மகளைக் கூப்பிட்டு, "நாளைக்கு நாம இங்க உக்காரலாமா அம்மாடி?" என்றார். அவள் வளைவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல இடம்பா. நானும் இதைத்தான் நெனச்சேன்." அவருக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. அப்பாவும் மகளும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள் என்பதில் என்ன இருக்கிறது என்று அந்தப் புத்திசாலிக்கு அப்போது உறைக்கவில்லை.

இங்கே ஒன்றை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மனிதன் விழ வேண்டும் என்று அவர் காத்திருந்தார். இருபத்தாறு வருடம் விழுந்தவர்களைத் தூக்கிய மனிதர். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு கால், ஒரு கை, மகள் பார்க்கும்படி ஓர் அலறல், அவ்வளவு போதும் என்று நினைத்தார். கடவுளிடம் அப்படித்தான் கேட்டாராம். நாளெல்லாம் வண்டியில் நாங்கள் கேட்பதற்கு நேர் எதிர்.

மறுநாள் பத்து மணிக்குச் சாலையை மூடினார்கள். மதிலோரம் முப்பது நாற்பது பேர், பிளாஸ்கில் தேநீர், ரொட்டிப் பொட்டலம், மடியில் குழந்தைகள். சிறிது இடைவெளி விட்டு ஒவ்வொரு பைக்காக அனுப்பினார்கள். முதலில் சத்தம் வரும், வயிற்றுக்குள் அதிரும், பிறகு இறக்கத்தில் ஒரு புள்ளி. அது என்ன என்று பார்ப்பதற்குள் முகத்தில் காற்று அடித்துவிட்டுப் போய்விடும். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் மதிலைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய ஓட்டறானா, இல்ல உயிர விட்டெறியறானா தெரியல தம்பி" என்றார் திரும்பி வந்து என்னிடம்.

மூன்றாவது சுற்றில் ஒரு சிவப்பு ஹெல்மெட் நிழலுக்குள் நுழைந்தது, வெளியே பைக் மட்டும் வந்தது. ஓட்டியவர் சறுக்கிக்கொண்டே போய் எதிர்வீட்டு வாசற்படியில் மோதி நின்றார். இவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இருபதடி.

அண்ணன் மதில்மேல் ஏறிவிட்டார். கொடி வைத்திருந்த ஆள் ஓடிவந்து, உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்துத் தடுத்தார். நான் டிரைவர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். யாருக்குப் புரியும்? சிவப்புக் கொடி காட்டி எல்லாப் பைக்குகளையும் நிறுத்தினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் மருத்துவர் வந்துவிட்டார், அவரும் பைக்கில்தான். அந்த வேகத்தை அண்ணன் என்னிடம் மெச்சினார். நான்கு பேர் முட்டிபோட்டு வேலை செய்தார்கள். கைகள் பறந்தன.

பிறகு கைகள் மெதுவாயின. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். உயிர் இருக்கும்வரை அவசரம் இருக்கும். ஒருவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தால் முடிந்தது.

அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு தம்பி" என்றார் என்னிடம். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "பெத்தவங்க யாரோ எங்கயோ வாசல்ல உக்காந்திருப்பாங்க. அவங்க பிள்ளை அங்க கெடக்கறான். எனக்கு சந்தோஷம். என் பொண்ணு அழுவறா, இனிமே ஏற மாட்டான்னு." நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் ஏதாவது உளறியிருப்பேன்.

எண்ணெய் சிந்திய இடத்தில் சிமெண்டுத் தூள் போட்டுத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். மதிலோரத்து ஜனம் தொப்பியைக் கழற்றி நின்றது, பிறகு உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தது. முக்கால் மணி நேரத்தில் ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. பந்தயம் மறுபடி தொடங்கப் போகிறது என்று மகள்தான் விளக்கினாள்.

"போலாம் அம்மாடி. பார்த்தது போதும்."

"இருங்கப்பா" என்றாள்.

பைக்குகள் வந்தன. அதே இறக்கம், அதே நிழல். ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. அண்ணனுக்குச் சாலையைப் பார்க்கத் தெம்பில்லை, மகளைப் பார்த்தார். கண்ணீர் காயாத முகத்தோடு அவள் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. ஒவ்வொரு பைக்கும் இறங்கி வரும்போது அந்தக் கையில் இரண்டு விரல் மட்டும் மெல்ல மடங்கியது, பிரேக் பிடிக்கிற மாதிரி. வருகிறவன் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, நிழல் தொடங்குவதற்கு முன்னாலேயே அவள் பிடித்தாள். ஆறேழு பைக்குக்கு அப்படியே. தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று என்றார்.

சாயங்காலம் தங்கியிருந்த அறையில், இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு நாற்காலி. அதில் இவர் உட்கார்ந்து கேட்டார். "உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான்பா இருக்கு."

"அப்புறம்?"

"எப்பவும் பயம்தான். பயத்தோடதான் ஓட்டறேன். நிழலப் பார்த்தா பயம், ஒட்டுத் தாரப் பார்த்தா பயம், மழை விட்டு முதல் பத்து நிமிஷம் பயம். எல்லாம் நீங்க சாப்பிடறப்ப சொன்னதுதான். கிளப்புல இதெல்லாம் யாரும் சொல்லித் தரலப்பா. இதுவரைக்கும் நான் விழாம இருக்கறது உங்களாலதான்."

"நான் விழாம ஓட்டுன்னு சொல்லல. ஏறவே ஏறாதேன்னு சொன்னேன்."

"அது எனக்குக் கேக்கலப்பா" என்றாள். குரலில் திமிர் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. திமிர் இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம்.

மகளைத் தடுக்க அவர் கையில் இருந்தது பயம் ஒன்றுதான். அதை அவள் எப்போதோ வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இனிக் காட்டுவதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை. பிணத்தையே காட்டியாகிவிட்டது.

திரும்பி வந்த மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். அண்ணி ஒரு வாரமாக அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் மட்டும் நடக்கிறாராம். "சொன்ன சொல்ல மீறலாம்ல?" என்று நான் கேட்டேன். "மீறினா இருபத்தொண்ணு ஆனதும் ஏறுவா. என்கிட்ட சொல்லாம ஏறுவா" என்றார்.

நேற்று ஷிப்ட் முடிந்து வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தோம். அவர் இறங்கவில்லை.

"அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு தம்பி. ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு."

"உங்க நம்பரத்தான போட்டிருப்பீங்க."

"உன் நம்பரப் போட்டிருக்கேன்."

எங்கள் வண்டியில் அடிபட்டவரின் வீட்டாருக்குச் சொல்வது என் வேலை. டிரைவர் ஓட்டுவார், நான் போன் பண்ணுவேன். எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் குரலை நான் எப்படி வைத்துக்கொள்வேன், எந்த வார்த்தையில் தொடங்குவேன் என்பதைப் பதினொரு வருடமாக முன்னிருக்கையில் இருந்து கேட்டவர் அவர்.

"போன்ல சொல்லாதே" என்றார். "உன் குரல் எனக்குத் தெரியும். மொத வார்த்தையிலயே தெரிஞ்சுடும். நேர்ல வா. அவ அம்மா இல்லாத நேரமாப் பார்த்து வா."

அப்படியெல்லாம் எதுவும் ஆகாது அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் இந்த வண்டியை ஓட்டியவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரிண்ணே" என்றேன்.