தாம்பூலம் வாங்காத இணையதளம்

ராஜபாளையத்தில் நான் அதுவரை செய்து கொடுத்த இணையதளங்கள் எல்லாம் நூல் மில்களுக்கும் பேண்டேஜ் துணி கம்பெனிகளுக்கும்தான். நீலப் பின்னணி, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்து தமக்கு ஒரு தளம் வேண்டும் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க் கல்யாண வீட்டார் எல்லாரும் 'வெப்சைட் இருக்கா' என்று கேட்கிறார்களாம்.

முதலில் நான் செய்து காட்டியது கறுப்புப் பின்னணியில் பொன்னெழுத்து, மூலையில் குத்துவிளக்கு, நடுவில் கண்மூடி வாசிக்கும் அவர் படம். அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏந்தாயி, என்னயப் பாத்தா அம்புட்டு சாமியாராவா தெரியுது?"

தெரியவில்லைதான். வாய் நிறைய வெற்றிலை, வார்த்தைக்கு வார்த்தை கேலி, தாளம் பிசகினால் தவில்காரரை மேடையிலேயே முறைக்கிற கோபம். இதையெல்லாம் ஒரு குத்துவிளக்குக்குள் எப்படி அடைப்பது? அவர் மனைவியின் போனில் கிடந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. ஏதோ ஒரு கல்யாணத்தில் வாசித்து முடித்து, நாதஸ்வரத்தின் சீவாளியை உதட்டிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்கிறார். தவில்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தில் இன்னும் காற்று இருக்கிறது, அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத் திரை முழுக்க வைத்தேன். பின்னணிக்குப் பால்கோவா நிறம். தளத்தில் போட்ட ஒலிப்பதிவில், வாசிப்புக்கு முன்னால் தொண்டையைச் செருமி, "என்னலே, முழிச்சுத்தான இருக்க?" என்று தவில்காரரைச் சீண்டும் குரலைக்கூட வெட்டவில்லை. மனிதர் அப்படியே அதில் இருந்தார். எனக்குக் கர்வமாகவே இருந்தது.

'முன்பதிவு செய்க' என்ற பட்டனில்தான் சண்டை வந்தது. அவர்கள் தொழிலில் கச்சேரி உறுதியாவது தாம்பூலத்தில். கல்யாண வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து கொடுக்க வேண்டும், வாசிக்கிறவர் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தலைபோகிற காரியம் என்றாலும் போய் வாசித்தே தீர வேண்டும்.

"பட்டன அமுக்குனா அது தாம்பூலம் ஆயிருமா?" என்றார். கடைசியில் 'தேதி கேளுங்கள்' என்று மாற்றினோம். அண்ணாச்சிக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் இல்லை. கேட்கிறவர்களின் செய்தி என் போனுக்கு வரும், நான் அவரைக் கேட்டுப் பதில் போடுவது என்று ஏற்பாடு.

தளம் வெளியாகி மாதம் ஒன்று ஆகியிருக்கும். காலையில் வாய் கொப்பளித்தவருக்கு இடப்பக்கம் தண்ணீர் தானாக வழிந்ததாம். முகவாதம். இடது கண் மூட மறுத்தது, உதட்டின் இடது ஓரம் தொங்கிவிட்டது. மதுரை டாக்டர் மாத்திரையும் முகப் பயிற்சியும் கொடுத்து, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். நாதஸ்வரத்துக்கு உதடுதான் எல்லாம். நான் பார்க்கப் போன அன்று உள்ளறையிலிருந்து வெறும் காற்றுச் சத்தம் விட்டு விட்டு வந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாதென்று அவர் மனைவி, எனக்கு மதினி, அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

என் போன் மட்டும் ஓயவில்லை. 'ஐயாவின் முகத்தைப் பார்த்ததுமே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டோம்' என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வாரேன்னு போடு."

"அதுக்குள்ள சரியாகாட்டி என்ன செய்ய அண்ணாச்சி?"

"தாம்பூலமா வாங்கிட்டேன்? தேதிதான கேக்காவ." வார்த்தை ஒரு பக்கமாகக் கசிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நானே இல்லன்னு சொல்லிட்டா, பொறவு இல்லன்னே ஆயிரும் தாயி."

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? 'ஐயாவுக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதுவேன், அனுப்பாமல் அழிப்பேன். அதைச் சொல்ல நான் யார்? கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில்: 'தேதியைக் குறித்துக்கொண்டோம். தாம்பூலம் வாங்கினால்தான் உறுதி.' பட்டனைச் சின்னதாக்கிப் பார்த்தேன், பக்கத்தின் அடியில் கொண்டுபோய் ஒளித்தும் பார்த்தேன். மறுநாளே போன் வந்தது. "பட்டனக் காணோமே தாயி?" திரும்ப மேலே வைத்தேன்.

கொஞ்ச நாளைக்குத் தளத்தையே எடுத்துவிடலாமா என்று மதினியிடம் தனியாகக் கேட்டேன். அவர் தம் போனைத் திறந்து அந்தச் சிரிப்பை என்னிடம் காட்டினார்.

"எடுத்துறாத. அந்த மொகத்த நானும் பாக்கணும்லா."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ராஜபாளையம் வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, தளவாய்புரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். என் பதிலைப் படித்துவிட்டு முறைப்படி தாம்பூலத் தட்டோடு நேரிலேயே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கூடத்து நாற்காலியில் இருந்தார். மழிக்காத தாடி, வாயைச் சுற்றித் துண்டு. தட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

வந்தவர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி இருக்காவளா? எங்க மக கல்யாணத்துக்குத் தாம்பூலம் கொண்டாந்திருக்கோம். வெப்சைட்ல பாத்தோம். அடேயப்பா, என்னா சிரிப்பு!"

மதினி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணாச்சி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

"அவிய ஊர்ல இல்ல."

"எப்ப வருவாவ?"

"தெரியல. எங்கள்ட்டயும் சொல்லிட்டுப் போகல."

அவர்கள் தட்டோடு படியிறங்கிப் போனார்கள். தளத்தை எடுத்துவிடு என்று அன்றைக்கும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.