இல்லாத படிக்கட்டு

எங்கள் கொலம்பியாவில் அரசாங்கத்துக்கு மனுப் போடுவது ஒரு வியாதி. பதினைந்து வேலை நாளில் பதில் வந்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் மனுதான். பெலார்மினாவை மட்டும் அறுபது வயதுவரை அது தொற்றவில்லை. மலைச்சரிவில் வீடு, தையல் மெஷின், கணவர் எவுலிசெஸ் என்று தன்பாட்டுக்கு இருந்தாள்.

சர்க்கரை நோயில் எவுலிசெஸின் ஒரு கால் போயிற்று. ஒரு கையில் ஊன்றுகோல். மறு கைக்குப் பிடிமானம் இல்லாமல் அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்க முடியாது. கீழே பேக்கரியில் தினமும் டோமினோ ஆடிய மனுஷன், ஜன்னலோரம் உட்கார்ந்து கூட்டாளிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்கப் பெலார்மினாவுக்கு மனசு ஆறவில்லை. செல்போனில் மனு எழுதினாள்: படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும்.

கெடு முடிகிற அன்று பதில் வந்தது. நகராட்சியின் கணினி வரைபடத்தில் அங்கே படிக்கட்டு எதுவும் இல்லை, ஆகவே கம்பி போட வழியில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. சேவை திருப்தியா என்று அடியில் ஐந்து நட்சத்திரங்கள்.

"அப்ப நான் இத்தனை வருஷம் அரிசி மூட்டையோட காத்துலயா ஏறுனேன்?"

"விடு பெலார். கோர்ட்டுக்குப் போனா தீர்ப்பு வர்றப்ப நாலு பேரு என்னைத் தூக்கிட்டுத்தான் இறங்குவாங்க" என்றார் எவுலிசெஸ்.

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. இன்னொரு மனுப் போட்டாள்: படிக்கட்டு இல்லை என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். கையெழுத்தும் முத்திரையுமாக மறுநாளே வந்தது. இல்லை என்று எழுதுவதில் நகராட்சி ஒருநாளும் சுணங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வேலைக்கு வந்தது. இதற்கெல்லாம் எங்கள் பக்கம் கூலி கிடையாது. ஒரு பெரிய அண்டா சான்கோச்சோ சூப்தான். பெலார்மினா இரண்டு கோழியை அடித்துப் போட்டாள். கட்டில் சட்டம், சைக்கிள் குழாய், திரைச்சீலைக் கம்பி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்ததை, தெருமுனைப் பட்டறைக்காரன் ஒலிவேரியோ வெல்டிங் வைத்துக் கைப்பிடியாக்கிப் படியோரம் நட்டான். சிமெண்ட் இறுகும்வரை எவுலிசெஸ் வாசலைத் தாண்டக் கூடாது என்று பெலார்மினா உத்தரவு போட்டாள்.

யாரோ ஒரு புண்ணியவான் அதற்கும் மனுப் போட்டிருந்தான். புதன்கிழமை ஓர் அதிகாரி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"பொது இடத்துல அனுமதியில்லாத கட்டுமானம். அபராதம் கட்டணும்மா."

"எந்த இடத்துல டாக்டர்?" அரசாங்க நாற்காலியில் உட்காருகிற எவரும் எங்களுக்கு டாக்டர்தான்.

"இதோ, இந்தப் படிக்கட்டுல."

பெலார்மினா சான்றிதழைக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். தன் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினார். அதன் வரைபடத்தில் அவர் வெறும் மண்சரிவில் நின்றுகொண்டிருந்தார். அபராதம் போட இடத்தின் எண்ணைக் கேட்டது, எண் இல்லை. பலகையை மூடிப் பைக்குள் வைத்தார்.

தூறல் விழுந்திருந்தது. இறங்கத் திரும்பியவர் யோசிக்காமல் கம்பியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால், முகம் மழித்துத் தொப்பி வைத்து, எவுலிசெஸும் அதே கம்பியைப் பிடித்து முதல் படியில் ஊன்றுகோலை வைத்தார்.

"பாத்துப் போங்க டாக்டர்" என்றார். "இல்லாத படி, ரொம்ப வழுக்கும்."